கால்ஷீட் முடிய 10 நிமிஷம்

போன வருஷம் மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் ஒரு கல்லூரிப் பையன் என்னை மறித்து, "சார், நீங்கதானே 'சில்லறை இல்ல'?" என்று கேட்டான். நான்தான் என்றேன். உடனே போனை எடுத்து ஒரு துண்டு வீடியோவைக் காட்டினான். 19 விநாடி. மச்சான் வந்து பத்தாயிரம் ரூபாய் கடன் கேட்கிறான். "அதுக்கென்ன மச்சான், கொடுத்துட்டா போச்சு" என்கிறேன். ஒரு சின்ன இடைவெளி. கண் மட்டும் ஒருதடவை ஓரமாகப் போய்விட்டு வருகிறது. அப்புறம், "சில்லறை இல்ல."

"அந்த லுக்கு இருக்கே சார், அதை எப்படிப் பண்ணீங்க?" என்றான். ரயில் வந்துவிட்டது, பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

2002-ல் வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீட்டில் எடுத்த காட்சி அது. கதாநாயகனும் நான், தயாரிப்பாளரும் நான். இன்றைக்கு அது ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கு ஒரு பைசா வருவதில்லை. இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். சின்னத்திரையிலோ யூட்யூபிலோ நகைச்சுவை பண்ணிக்கொண்டு, "நாமே தயாரித்தால் என்ன?" என்று யோசிக்கிறவர்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

நான் வங்கிக் குமாஸ்தா. மயிலாப்பூரில் வேலை, சாயங்காலம் ஒத்திகை, சனி ஞாயிறு நாடகம். எண்பதுகளில் சென்னையில் இது ரொம்ப சகஜம். சபா நாடக மேடையில் பாதிப் பேர் ஆபீஸ் போய் வருகிறவர்கள்தான். கிரேசி மோகன் இன்ஜினியர். எங்கள் குழுவில் ஒருவர் ரயில்வே, இருவர் மின்வாரியம், மேக்கப் போடுகிறவருக்குக்கூடப் பகலில் ஏஜீஸ் ஆபீஸ். நாரத கான சபாவிலும் வாணி மகாலிலும் நான் வாங்கிய சம்பளம் ஆட்டோவுக்குக் காணாது. ஆனால் அங்கே கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை வைத்துத்தான் இன்று வரை சாப்பிடுகிறேன்.

அது இதுதான். ஜனங்கள் சிரிப்பது ஒரு அலை மாதிரி. எழும்பும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்க ஆரம்பித்த அந்த நொடியில் அடுத்த வசனத்தை வைக்க வேண்டும். முன்னாடியே வைத்தால் வசனம் சிரிப்பில் அமுங்கிப் போகும். லேட்டாக வைத்தால் அரங்கம் ஆறிப்போய்விடும். இதை யாரும் சொல்லித் தர முடியாது, காது பழக வேண்டும். எனக்குப் பழக நாலு வருஷம் ஆயிற்று.

டிவிக்கு முதலில் போனது தூர்தர்ஷன் வழியாக. 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்த சென்னை நிலையம், பிறகு சுவாமி சிவானந்தா சாலைக் கட்டடத்துக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் தெருவே வெறிச்சோடிய காலம். அங்கே முதல் நாள் எனக்குக் கை கால் ஓடவில்லை. பயத்தால் இல்லை, நிசப்தத்தால். மேடையில் கூரையே அதிரும் வசனத்தை இங்கே சொன்னால், மூன்று கேமராக்காரர்கள் கல் மாதிரி நிற்கிறார்கள். எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, ஒன்றும் தெரியவில்லை. திரையில் பார்த்தபோது நான் யாருக்கோ ரயிலைப் பிடிக்க உதவுகிறவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன்.

தனியார் சானல்கள் வந்து, சீரியலில் டப்பிங் பழக்கமான பிறகு எனக்கு ஒரு வழி கிடைத்தது. டப்பிங் என்றால் படப்பிடிப்புச் சத்தம் பயன்படாது. அதனால் யூனிட்டில் யார் சிரித்தாலும் டேக் வீணாகாது. நான் லைட்மேன்களைப் பார்த்து நடிக்க ஆரம்பித்தேன். குறிப்பாக ஒருவர், வயதானவர், ஏணி மேல் நின்று லைட்டைப் பிடித்திருப்பார். அவர் தோள் குலுங்கினால் வசனம் ஜெயித்தது என்று அர்த்தம். அந்தக் குலுக்கல் நிற்கிற வரை அடுத்த வார்த்தையைப் பேச மாட்டேன். இன்றைக்கு வீட்டில் போனை ஸ்டாண்டில் வைத்துத் தனியாக ரீல்ஸ் எடுக்கிற பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறேன்: எதிரில் ஒரு ஆளையாவது உட்காரவை. ஜோக்கை முன்கூட்டி அவரிடம் சொல்லிவிடாதே.

2000, 2001-ல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேர் பெட்டியைக் கட்டினோம். கையில் மொத்தமாகப் பணம் வந்தவுடன் ஒருவர் வீடு கட்டினார், ஒருவர் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணினார், ஒருவர் சிட் ஃபண்டில் போட்டு ஏமாந்தார். நான் சீரியல் எடுத்தேன். என் மனைவி அப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நடிச்சா காசு குடுப்பாங்க. எடுத்தா யார் குடுப்பா?" அதை ஒரு நல்ல ஜோக் என்று நினைத்து நோட்டில் எழுதி வைத்தேன்.

யார் கொடுப்பார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அப்போது இரண்டு முறை உண்டு. ஒன்றில் சானலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எடுக்கச் சொல்லும். லாபம் சின்னது, ஆபத்தும் சின்னது, ஆனால் உரிமை முழுக்கச் சானலுக்கு. இன்னொன்று ஸ்லாட் வாங்குவது. அரை மணி நேரத்துக்கு நாம் சானலுக்கு டெலிகாஸ்ட் கட்டணம் கட்ட வேண்டும். பதிலுக்கு அவர்கள் நமக்குக் கொஞ்சம் விளம்பர நேரம் தருவார்கள். அதை விற்றுத்தான் போட்டதை எடுக்க வேண்டும். உரிமை நம்மிடம் இருக்கும். நான் இரண்டாவதைப் பிடித்தேன், ஞாயிறு காலை 11 மணி.

என் கணக்கு இதுதான். எபிசோடுக்குத் தயாரிப்புச் செலவு 75 ஆயிரம். டெலிகாஸ்ட் கட்டணம் 70 ஆயிரம். மொத்தம் ஒரு லட்சத்து 45 ஆயிரம். எனக்குக் கிடைத்த விளம்பர நேரம் 300 விநாடி, அதாவது 10 விநாடி விளம்பரம் 30. ஒவ்வொன்றும் 6,000 ரூபாய். எல்லாம் விற்றால் ஒரு லட்சத்து 80 ஆயிரம். அதில் ஏஜென்சி கமிஷன் 15 சதவீதம் போனால் ஒரு லட்சத்து 53 ஆயிரம். ஆக, உலகமே என்னோடு ஒத்துழைத்தால் வாரத்துக்கு எட்டாயிரம் மிஞ்சும். 30-க்குப் பதில் 20 விற்றால்? 43 ஆயிரம் நஷ்டம். ஒரு வாரத்துக்கு.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருந்தது. டெலிகாஸ்ட் கட்டணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும், யூனிட்டுக்கு அன்றன்றே பேட்டா, வாராவாரம் சம்பளம். விளம்பரப் பணமோ மூன்று மாதம் கழித்து வரும். அப்படியென்றால் முதல் 13 வாரச் செலவு, ஏறக்குறைய 19 லட்சம், முழுக்க என் பையில் இருந்து போக வேண்டும். எனக்கு வங்கியில் வந்தது அதில் பாதிகூட இல்லை. 20 வருஷம் வங்கியில் மற்றவர்களுடைய கடன் மனுவில் இந்த ஓட்டையைத்தான் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொண்டிருந்தேன்! தன் மனு என்றால் கண் தெரியாது போலிருக்கிறது. மறைமலை நகரில் இருந்த மனையை விற்றேன்.

கதைக்குப் பெரிய செலவு வைக்கவில்லை. ஒரு வீடு, ஒரு ஹால், ஒரு சோபா, ஒரு வாசல். நகைச்சுவைத் தொடருக்கு வாசல் ரொம்ப முக்கியம், யாராவது வந்துகொண்டே இருக்க வேண்டும். செலவு வேறு இடத்தில் இருந்தது: எழுத்தில். மெகா சீரியலில் ஒரு கண்ணீரை மூன்று நாள் ஓட்டலாம். ஒரு ஜோக்கை மூன்று நிமிஷம் ஓட்ட முடியாது. விளம்பரம் போக 22 நிமிஷம் நிரப்ப வேண்டும், அடுத்த வாரம் இன்னொரு 22. ஆறு எபிசோடு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு தைரியமாக இறங்கினேன். ஏழாவது எபிசோடு, ஷூட்டிங்குக்கு முதல் நாள் ராத்திரி ஒரு மணிக்கு எழுதியது. எட்டாவது, ஷூட்டிங் அன்று காலை மேக்கப் நாற்காலியில். 13 எபிசோடையும் முழுசாக எழுதி முடிக்காமல் யாரும் முதல் நாள் பூஜை போடாதீர்கள்.

இனி, இதில் எனக்கு ரொம்ப வலித்த இடம். எங்கள் தொடரில் எனக்கு மாமியாராக நடித்தவர் சபா நாடகங்களில் பழுத்தவர். ஒரு நாள் அவரோடு எனக்கு ஒரு காட்சி. அவர் ஊருக்குக் கிளம்புகிறேன் என்கிறார், நான் முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாமல் நின்று, நிதானமாக, "டிக்கெட் நான் எடுத்துத் தரேன்" என்று சொல்ல வேண்டும். உயிர் முழுக்க அந்த நிதானத்தில்தான். ஆனால் அன்றைக்குக் கரண்ட் போய் மதியத்தில் இருந்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டகடகச் சத்தம் மற்றவர்களுக்குச் சத்தம், எனக்கு அது டீசல். அவர் வசனம் முடிந்த மறு நொடி என் வாய் திறந்து டிக்கெட்டை எடுத்துவிட்டது. டைரக்டர் ஓகே என்றார். முதலாளி நடித்தால் எந்த டைரக்டர் ஒன்மோர் கேட்பார்?

மாமியாராக நடித்த அந்த அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணா, நீ வசனத்தைச் சொல்லல. பில்லை செட்டில் பண்ணின" என்றார்.

அன்று ராத்திரி எடிட்டிங்கில் பார்த்தேன். அந்த எபிசோடு முழுக்க அப்படித்தான் இருந்தது. மேடையில் நாலு வருஷம் பழக்கிய காது போய், அந்த இடத்தில் ஒரு கடிகாரம் உட்கார்ந்திருந்தது. ஒரே உடம்பில் இரண்டு பேர். ஒருவன் நேரத்தை இழுக்க வேண்டியவன், இன்னொருவன் சுருக்க வேண்டியவன்.

மறுநாளே பணப்பெட்டியை என் மைத்துனரிடம் கொடுத்தேன். செட்டில் என்ன செலவானாலும் பேக்கப் வரை என்னிடம் சொல்லக் கூடாது, ப்ரொடக்ஷன் மேனேஜர் அவரிடம்தான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. டைரக்டரிடம், "ஒன்மோர் கேட்டால் நான் காரணம் கேட்க மாட்டேன்" என்று எழுதியே கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. தூர்தர்ஷனில் 1989-ல் வந்த 'ஃப்ளாப் ஷோ'வைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஜஸ்பால் பட்டியைத் தெரியும். சண்டிகரில் இன்ஜினியரிங் படித்த மனுஷன், பத்தே எபிசோடில் நாடு முழுக்கப் பேச வைத்தார். அதில் மனைவியாக நடித்த சவிதா பட்டி நிஜத்திலும் அவர் மனைவி, அந்தத் தொடரின் தயாரிப்பாளரும் அவர்தான். தயாரிப்பை மனைவியிடம் விடுகிற அந்த யோசனை எனக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும், என் மனைவி கேட்ட கேள்வியே அவள் யார் என்று சொல்லியிருந்தது. நான்தான் அதை ஜோக் நோட்டில் எழுதி வைத்தேனே.

35-வது எபிசோடு வாக்கில் சானல் எங்களை ஞாயிறு காலையில் இருந்து சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றியது. எந்தச் சானல் என்பது இங்கே முக்கியமில்லை, ஒப்பந்தத்தில் அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒரு மசாலாப் பொடி விளம்பரமும் ஒரு ஜவுளிக்கடை விளம்பரமும் ஒரே வாரத்தில் கழன்றன. 47-வது எபிசோடில் நிறுத்தினேன்.

கடன்காரர்கள் வாசலுக்கு வந்த சமயத்தில் ஒரு நிறுவனத்தார் வந்து, 47 எபிசோடையும் நாலு லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டு பக்க ஒப்பந்தம். "இப்போது உள்ளதும் இனி வரப்போவதுமான எந்த ஊடகத்திலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டு, ஓடி முடிந்த பழைய சீரியலை இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

பத்து வருஷம் கழித்து, நியூஜெர்சியில் மகள் வீட்டில் குளிருக்குப் பயந்து சோபாவில் கிடந்தபோது, டிவியில் கறுப்பு வெள்ளையில் 'ஐ லவ் லூசி' ஓடிக்கொண்டிருந்தது. 1951 அக்டோபர் 15-ல் ஆரம்பித்த தொடர். என்னை விட வயதானது, இன்னும் ஓடுகிறது! லூசில் பால் செய்கிற கோமாளித்தனத்தைப் பார்த்துத்தான் முதலில் உட்கார்ந்தேன். அப்புறம் அவருடைய கணவர் டெஸி அர்னாஸின் கதையைத் தேடிப் படித்ததும் தூக்கம் போய்விட்டது.

டெஸி கியூபாக்காரர். 1933 புரட்சிக்குப் பிறகு குடும்பம் எல்லாவற்றையும் இழந்து அமெரிக்கா வந்தது. பாண்டு வாசித்துப் பிழைத்தவர். தொடரில் லூசியின் புருஷனாக நடித்தது மட்டுமில்லாமல், இருவரும் சேர்ந்து தொடங்கிய டெஸிலு நிறுவனத்தின் மூளையும் அவர்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கில் இருந்து நேரடி ஒளிபரப்பு. மற்ற ஊர்களுக்கு, டிவி திரையைப் படம் பிடித்த மங்கலான பிரதிதான் போகும். இவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு வர மாட்டோம், நல்ல சினிமா ஃபிலிமிலேயே எடுக்கிறோம் என்றார்கள். செலவு கூடும் என்று சானலும் விளம்பரதாரரும் முகம் சுளித்தார்கள். சரி, எங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், ஃபிலிமின் உரிமை எங்களுக்கு என்றார் டெஸி. சானல் தலையாட்டியது. ஒருதடவை ஓடிய எபிசோடுக்கு அப்புறம் என்ன மதிப்பு என்று, நான் நினைத்ததையேதான் அவர்களும் நினைத்திருக்கிறார்கள். நான் மேஜையின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த உரிமையைப் பிறகு அதே சானலுக்குப் பல மில்லியன் டாலருக்கு விற்று, ஆர்கேஓ ஸ்டூடியோவையே 1957-ல் வாங்கினார்கள். இருவரும் ஒரு காலத்தில் அங்கே சம்பளத்துக்கு நடித்தவர்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். அவர்கள் மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எதிரே சுமார் 300 பேரை உட்காரவைத்து எடுத்தார்கள். படப்பிடிப்புக்கு முன் டெஸியே போய் ஜனங்களோடு பேசிச் சிரிக்க வைத்துத் தயார் பண்ணுவாராம். எனக்கு ஏணி மேல் ஒரு லைட்மேன், அவருக்கு 300 பேர். ஆனால் அவர் கதையும் சுகமாக முடியவில்லை. ஸ்டூடியோ பெருக்கப் பெருக்கக் குடியும் பெருகியது, 1960-ல் விவாகரத்து, 1962-ல் தன் பங்கை லூசிக்கே விற்றுவிட்டு வெளியேறினார். நடிக்கவும் வேண்டும், நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளமும் போட வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று எனக்கு 47 எபிசோடில் கொஞ்சம் தெரியும்.

ஒப்பந்தம் பற்றி வழக்கறிஞர் நண்பர் ஒருவர் எனக்கு ரொம்பத் தாமதமாகச் சொன்னதை இங்கே வைக்கிறேன். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எந்த ஊருக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் எதிர்த்தரப்பு மறக்காமல் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று போடுகிறது. பேனா எடுத்து அடிக்க வேண்டியது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான். அவர்கள் மறுத்தால் சானல், யூட்யூப், ஓடிடி என்று தனித்தனியாக விலை கேளுங்கள். மாஸ்டர் டேப்பின் நகல் ஒன்று, இன்றைக்கென்றால் ஒரு ஹார்ட் டிஸ்க், உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். உரிமை போனாலும் நாம் என்ன செய்தோம் என்று பார்க்கவாவது வேண்டுமே.

என் பீரோவில் 13 டேப் மிச்சமிருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு அவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. சுத்தம் பண்ணி மாற்றிக் கொடுப்பவரிடம் போன மாதம் கொடுத்தேன், ஒன்பது தேறியது. மெகா சீரியலில் பெரியப்பாவாக நடிக்கக் கால்ஷீட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவியும் உட்கார்ந்து பார்த்தோம். 'சில்லறை இல்ல' அதில் இருந்தது. வாட்ஸ்அப்பில் வெட்டி எறிந்த துண்டு இல்லை, முழுக் காட்சி. மனைவி அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை ஓட்டச் சொன்னாள்.

"அங்க யாரைப் பார்க்கறீங்க?" என்றாள்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மைத்துனர் அன்றைக்கு வரவில்லை, காய்ச்சல். கேமராவுக்குப் பக்கத்தில் ப்ரொடக்ஷன் மேனேஜர் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். கால்ஷீட் முடிய 10 நிமிஷம், தாண்டினால் எல்லாருக்கும் கூடுதல் பேட்டா. நான் அதைத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மனசுக்குள் பெருக்கிவிட்டு, அப்புறம் சொன்னேன்: "சில்லறை இல்ல."